லினக்ஸின் ஏஎம்டி பி-ஸ்டேட் டிரைவர்: உள்ளே பிரித்துக் கட்டிய பிறகு ஒரு விமர்சனம்

லேப்டாப்புக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் திரை, கீபோர்டு, பேட்டரி, ஃபேன் சத்தம் என்று எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். அந்த பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், ஃபேன் எப்போது இரையத் தொடங்கும் என்பதில் பெரிய பங்குள்ள ஒரு மென்பொருள் உள்ளே இருக்கிறது, அதைப் பற்றித் தனியாக எழுதத்தான் ஆளைக் காணோம். சிபியூ இந்தக் கணத்தில் எந்த வேகத்தில் ஓடலாம் என்று வன்பொருளிடம் சொல்லும் டிரைவர் அது. ரைசன் சில்லு உள்ள கணினியில் ஓரளவு புதிய லினக்ஸ் போட்டிருந்தால் ஏஎம்டி பி-ஸ்டேட் என்ற இந்த டிரைவர் ஏற்கெனவே உங்களிடம் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். காசு கிடையாது, தனியாக நிறுவவும் வேண்டாம், லினக்ஸின் கருவான கர்னலோடேயே வருகிறது. பல கர்னல் பதிப்புகளாக இதைப் பயன்படுத்துகிறேன், புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் இதன் நிரலையும் திறந்து படிக்கிறேன். அதனால் பயனரின் பார்வையும் நிரல் படிப்பவரின் பார்வையும் இதில் கலந்தே வரும்.

இப்போது எழுதக் காரணம், 2025 மே மாதம் வந்த 6.15 கர்னலில் இந்த டிரைவரின் உள்பக்கத்தைப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை நன்றாக நடந்திருக்கிறது, 6.15 அல்லது அதற்குப் பிந்தைய கர்னலுக்குப் போக வசதி உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் பேட்டரி இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம், இது அதற்காகச் செய்த வேலை கிடையாது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிபியூ ஓடுவதால் செலவாகும் மின்சாரம் ஃப்ரீக்வென்சிக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றபடியும் கூடுகிறது. வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்க முடியும், ஆக வேகத்தில் விட்டுக்கொடுப்பதைவிட மின்சாரத்தில் மிச்சமாவது அதிகம். இதைக் கவனிக்க லினக்ஸில் சிபியூஃப்ரீக் என்று ஒரு பகுதி இருக்கிறது, 2000-களின் தொடக்கத்தில் ரஸ்ஸல் கிங்கும் டொமினிக் ப்ரோடோவ்ஸ்கியும் எழுதத் தொடங்கியது. அதில் மூன்று அடுக்குகள். எவ்வளவு வேகம் தேவை என்று கணக்குப் போடுவது கவர்னர், அந்த முடிவைச் சில்லுக்குப் புரியும் மொழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிரைவர், இரண்டுக்கும் நடுவில் நின்று பொது வேலைகளைப் பார்ப்பது மையப்பகுதி. ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் ஒரு டிரைவர் என்று அந்த ஃபோல்டரில் பல டஜன் கோப்புகள் கிடக்கின்றன.

ஏஎம்டி சில்லுகளுக்கு முன்பு ஏசிபிஐ-சிபியூஃப்ரீக் என்ற பொது டிரைவர்தான் இருந்தது. அது ரைசனில் பெரும்பாலும் மூன்றே மூன்று படிகளைத்தான் காட்டும். சில்லுக்குள் எத்தனையோ நுணுக்கமான வேகங்கள் சாத்தியமாக இருந்தும், கேட்கிற இடத்தில் மேல், நடு, கீழ் என்று மட்டும் கேட்க முடிந்தது. இதற்கு மாற்றாக சிபிபிசி என்ற முறை இருக்கிறது, இயங்குதளமும் வன்பொருளும் மின்சார நிர்வாகம் பற்றிப் பேசிக்கொள்ளும் பொதுத் தரமான ஏசிபிஐயின் 5.0 பதிப்பில் வரையறுத்தது. அதில் மெகாஹெர்ட்ஸ் என்று பேசுவதில்லை. செயல்திறன் ஓர் எண்ணாக இருக்கிறது, ஏஎம்டியின் ரெஜிஸ்டரில் (சில்லுக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) அது எட்டு பிட், அதாவது 255 வரை போகலாம். கீழ் எல்லை இது, மேல் எல்லை இது, எனக்கு வேண்டியது இது என்று சொன்னால் மிச்சத்தைச் சில்லில் உள்ள ஃபர்ம்வேர் என்கிற உள்மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இந்த வழியில் பேசும் டிரைவர் 2022 மார்ச்சில் 5.17 கர்னலில் வந்தது. பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, ஏஎம்டியின் ஹுவாங் ரூய் 2021-ல் அனுப்பினார், வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியைத் தயாரித்துக்கொண்டிருந்த காலம் அது.

தொடக்கத்தில் கர்னலே ஒவ்வொரு முறையும் வேகத்தைச் சொல்லும் பேசிவ் முறை மட்டும்தான், அதன்பிறகு வேகமாக வளர்ந்தது. 6.3-ல் ஆக்டிவ் முறை வந்தது, அதில் கர்னல் ஒவ்வொரு முறையும் வேகத்தைச் சொல்லாது, மின்சாரமா வேகமா எது முக்கியம் என்று ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கும். அந்தக் குறிப்புக்குப் பெயர் ஈபிபி. 6.4-ல் இடைப்பட்டதாக கைடட் என்று ஒரு முறை. 6.5-ல் ஆக்டிவ் முறையே இயல்புநிலை ஆனது. 6.9-ல், எந்த கோர் அதிக வேகம் போகும் என்று, எந்த வேலை எங்கே ஓடலாம் எனத் தீர்மானிக்கும் ஷெட்யூலருக்குச் சொல்லும் வசதி. 6.13-ல் புதிய எபிக் சர்வர் சில்லுகளுக்கும் இயல்பாக இந்த டிரைவர்தான் என்று முடிவானது.

ஒவ்வொன்றும் நல்ல வசதி. ஆனால் அவசரமாக வளர்ந்த எந்த நிரலுக்கும் நடப்பது இதற்கும் நடந்தது. ஒவ்வொரு வசதியும் தனக்கு வேண்டிய மதிப்பைத் தன் பக்கத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டது. குறைந்தபட்ச செயல்திறன் ஓரிடத்தில், அதையே ஃப்ரீக்வென்சியாக மாற்றிய எண் இன்னோர் இடத்தில், பயனர் போட்ட வரம்பு ஓரிடத்தில், ஈபிபி தனியாக ஒரு வேரியபிளில், அதே ஈபிபி சில்லுக்குக் கடைசியாக அனுப்பிய கோரிக்கையின் பிரதிக்குள்ளும் ஒருமுறை. ஒரே உண்மை இரண்டு மூன்று இடத்தில் எழுதியிருந்தால், ஒன்றைத் திருத்தி மற்றதைத் திருத்த மறக்கும் நாள் கட்டாயம் வரும். லேப்டாப்பை மூடித் திறந்தபோது, ஒரு கோரை நிறுத்திவிட்டு மறுபடி எழுப்பியபோது, முறையை மாற்றியபோது என்று இத்தகைய டிரைவர்களில் பக் முளைக்கும் இடங்கள் எல்லாம் இப்படிப்பட்ட ஓரங்கள்தான். சாதாரணமாக ஓடும்போது எதுவும் தெரியாது. தூங்கி எழுந்த கணினி மட்டும் மந்தமாக இருக்கும், ஏன் என்று கண்டுபிடிக்க முடியாது.

6.15-ல் இதைத்தான் சரிசெய்தார்கள். ஏஎம்டியின் மாரியோ லிமோன்சியெல்லோ, தனஞ்சய் உகவேகர் இருவரின் பேட்ச்களை வரிசையாகப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உச்ச செயல்திறன், நாமினல் (பூஸ்ட் இல்லாத வழக்கமான) செயல்திறன், மின்சாரக் கணக்கில் லாபகரமான கீழ் எல்லை, அடிமட்டம், பயனர் போட்ட கீழ் வரம்பு, மேல் வரம்பு, எல்லாமே எட்டு பிட்டில் அடங்கும் எண்கள். முன்பு இவை முப்பத்திரண்டு பிட் வேரியபிள்களாகத் தனித்தனியே இருந்தன. ஒருவர் கீழ் வரம்பை மாற்றி முடித்து மேல் வரம்பை மாற்றப் போகும் இடைவெளியில் இன்னொரு கோர் வந்து படித்தால் புதிய கீழ் வரம்பும் பழைய மேல் வரம்பும் கலந்து கிடைக்கும், அதைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக் வேண்டியிருந்தது. இப்போது அத்தனையையும் எட்டு பிட்டாகச் சுருக்கி, ஒரே அறுபத்துநான்கு பிட் இடத்தில் யூனியனாக, அதாவது தனித்தனியாகவும் மொத்தமாகவும் படிக்கக்கூடிய வடிவத்தில், அடுக்கிவிட்டார்கள். அறுபத்துநான்கு பிட் எக்ஸ்86 சில்லில் ஒழுங்காக அமைந்த அறுபத்துநான்கு பிட்டைப் படிப்பதும் எழுதுவதும் ஒரே செயலாக நடக்கும், பாதி பழையது பாதி புதியது என்று கிடைக்க வழியில்லை. படிக்கிறவர் முதலில் மொத்தத்தையும் ஒருமுறை எடுத்துக்கொள்கிறார், தன் கணக்கை அந்தப் பிரதியிலேயே முடிக்கிறார், மாற்ற வேண்டுமென்றால் மாற்றியதை மொத்தமாகத் திரும்ப வைக்கிறார். இதற்கென்று இருந்த லாக்குகள் தேவையில்லாமல் போயின.

இதில் வெறும் அழகு மட்டும் இல்லை. வேகத்தை மாற்றும் பாதை, குறிப்பாக பேசிவ் முறையில், ஷெட்யூலரிலிருந்து நேராக வருகிறது, நொடிக்கு எத்தனையோ முறை நடக்கலாம். அந்த இடத்தில், காத்திருக்கும்போது தூங்கக்கூடிய லாக் எடுக்கவே முடியாது. ஆகவே தரவின் வடிவத்தையே மாற்றி லாக்கின் தேவையை இல்லாமல் செய்வதுதான் சரியான தீர்வு. இன்னும் கெட்டிக்காரத்தனமான லாக் ஒன்றைப் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு திருப்தி வந்திருக்காது.

லாக் விஷயத்தில் இன்னொன்றும் செய்தார்கள். எல்லா சிபியூக்களுக்கும் பொதுவாக, வரம்புகளை மாற்றும்போது எடுக்கும் ஒரு லாக் இருந்தது. ஒரு சிபியூவின் வரம்பு மாறுவதற்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை எனும்போது பொது லாக் எதற்கு? அதைத் தூக்கிவிட்டார்கள். டிரைவரின் முறையை ஆக்டிவிலிருந்து பேசிவுக்கு மாற்றும்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றாமல் காக்க மட்டும் ஒரு லாக் மிச்சம். எதைக் காக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற லாக்தான் நம்பக்கூடிய லாக் என்பது என் கருத்து, இப்போது அப்படிச் சொல்ல முடிகிறது.

ஈபிபிக்கு இருந்த தனிப் பிரதியையும் எடுத்துவிட்டார்கள். சில்லுக்கு அனுப்பும் கோரிக்கை ரெஜிஸ்டரில் கீழிருந்து முதல் எட்டு பிட் மேல் எல்லை, அடுத்த எட்டு கீழ் எல்லை, அடுத்து வேண்டிய அளவு, அடுத்து ஈபிபி. கடைசியாக அனுப்பியதன் பிரதி எப்படியும் கையில் இருக்கிறது, ஈபிபி வேண்டுமென்றால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அந்த நான்கு புலங்களையும் பிரித்தெடுக்க முன்பு ஷிஃப்ட்டும் மாஸ்க்கும் கலந்த சொந்த மேக்ரோக்கள் இருந்தன. இப்போது கர்னல் முழுக்கப் பயன்படுத்தும் வழக்கமான மாஸ்க் வடிவம், வேறு டிரைவர் படித்துப் பழகியவர் இங்கே வந்தால் தடுமாற மாட்டார். புது மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றேயென்றால் ரெஜிஸ்டரில் எழுதாமல் திரும்பிவிடுகிறது, அதுவும் சரியான முடிவு. சில பழைய சில்லுகளில் ரெஜிஸ்டர் வழி கிடையாது, பகிர்ந்த நினைவகம் வழியாகத்தான் ஃபர்ம்வேரோடு பேச முடியும், அது மெதுவான வழி. அந்தப் பக்கத்துக்கும் கோரிக்கையின் பிரதி வைத்து இரண்டு பாதைகளையும் ஒரே மாதிரி நடக்க வைத்திருக்கிறார்கள். பழைய சில்லு வைத்திருப்பவர்களை மறக்காதது எனக்குப் பிடித்திருந்தது.

ஃப்ரீக்வென்சிப் பிரதிகளையும் குறைத்தார்கள். செயல்திறன் எண் தெரிந்தால் ஃப்ரீக்வென்சி ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல் தூரம்தான்: நாமினல் ஃப்ரீக்வென்சியை அந்த எண்ணால் பெருக்கி நாமினல் செயல்திறனால் வகுக்க வேண்டும். ஆங்காங்கே சிதறிக் கிடந்த இந்தக் கணக்கை இரண்டே இரண்டு சிறு ஃபங்ஷன்களாக்கினார்கள், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

சரி, இங்கேதான் ஒரு கோளாறும் நடந்தது, விமர்சனம் என்றால் அதையும் சொல்ல வேண்டும். ஃப்ரீக்வென்சியைச் செயல்திறன் எண்ணாக மாற்றும் ஃபங்ஷனில் விடையை எட்டு பிட் வேரியபிளில் போட்டுவிட்டு, அதன்பிறகு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். யாராவது சில்லால் முடிகிறதைவிட அதிக ஃப்ரீக்வென்சி கேட்டு விடை 300 என்று வந்தால் எட்டு பிட்டில் 300 நிற்காது, 256 போக 44 ஆகிவிடும். அப்புறம் வரும் எல்லைச் சோதனை 44-ஐப் பார்த்து, உள்ளேதானே இருக்கிறது என்று விட்டுவிடும். உச்சம் கேட்டவருக்கு ஏறத்தாழ அடிமட்டம் கிடைக்கும். 2025 தொடக்கத்திலேயே இதைக் கண்டுபிடித்து, பெரிய வேரியபிளில் எல்லை பார்த்துவிட்டு எட்டு பிட்டாகச் சுருக்கும்படி வரிசையை மாற்றினார்கள். எனக்கு இதில் கோபம் எதுவும் இல்லை. மறுசீரமைப்பு என்றாலே நடத்தை மாறாது என்று நம்பி மேலோட்டமாகப் படிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேரியபிளின் அகலத்தைக் குறைக்கும் பேட்ச்சை வசதி சேர்க்கும் பேட்ச்சைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது, இளைய நிரலாளர்களுக்கு இந்த ஒரு பேட்ச்சைக் காட்டியே ஒரு வகுப்பு எடுக்கலாம். ஒரு நல்லதும் உண்டு. இந்தக் கணக்கு முன்பு போல எட்டு இடத்தில் சிதறியிருந்தால் எட்டு இடத்திலும் தேட வேண்டியிருந்திருக்கும், ஒரே ஃபங்ஷனில் இருந்ததால் ஒரே இடத்தில் திருத்தி முடித்தார்கள்.

இந்த டிரைவர் இவ்வளவு தூரம் ஒழுங்காக வர முடிந்ததற்குக் காரணம் மையப்பகுதியில் பல வருடங்களாக நடந்த வேலை. சிபியூஃப்ரீக்கை இப்போது பராமரிப்பவர்கள் ராஃபேல் விசோக்கியும் விரேஷ் குமாரும். விரேஷ் 2013 வாக்கில் செய்த வேலையை நான் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அதற்கு முன்பு ஒவ்வொரு டிரைவரும் வேகத்தை மாற்றச் சொன்னால் என்ன செய்யும்? அட்டவணையில் பொருத்தமான ஃப்ரீக்வென்சியைத் தானே தேடும், மாறப்போகிறது என்று மற்றவர்களுக்கு அறிவிப்புக் கொடுக்கும், மாற்றும், மாறிவிட்டது என்று இன்னோர் அறிவிப்புக் கொடுக்கும். இந்த நான்கு வேலையில் சில்லுக்கே உரியது மூன்றாவது மட்டும்தான், மற்றதெல்லாம் எல்லா டிரைவரிலும் ஒரே நிரல்தான், கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக. நடுவில் பிழை வந்தால் இரண்டாவது அறிவிப்பை எப்படிக் கொடுப்பது என்பதை ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்திருந்தார்கள். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகக் கிணறு வெட்டி, அதில் சிலது பாதியில் நின்றுபோன கதை போல இருந்தது. 2014 ஜனவரியில் வந்த 3.13-ல் டார்கெட் இண்டெக்ஸ் என்ற புது வடிவம் வந்தது. அட்டவணையில் எத்தனையாவது வரி என்று மையப்பகுதியே தேடி எண்ணைக் கொடுக்கும், அறிவிப்புகளையும் அதுவே பார்த்துக்கொள்ளும், டிரைவர் கடிகாரத்தை மாற்றினால் போதும். அதே சமயத்தில் டிரைவர்கள் தொடங்கும்போது செய்யும் வழக்கமான வேலைகளுக்கும் பொது ஃபங்ஷன்கள் வந்தன. பல டிரைவர்கள் பாதியாகச் சுருங்கின என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் சுருங்கியது உண்மை, பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீக்கிய வரிகளின் நீளம் கண்ணுக்குத் தெரியும்.

அதற்கும் சற்று முன்பு ஆன்டிமாண்ட், கன்சர்வேடிவ் என்ற இரண்டு கவர்னர்களிலும் இருந்த ஒரே மாதிரியான நிரலைத் தனிக் கோப்பாகப் பிரித்திருந்தார்கள். 2016-ல் 4.6-ல் கவர்னர்கள் தங்கள் சொந்த டைமரை விட்டுவிட்டு ஷெட்யூலர் கூப்பிடும்போது விழித்துக்கொள்ளும்படி மாறின, அந்த மாற்றத்தின் மேல்தான் 4.7-ல் ஷெட்யூட்டில் கவர்னர் வந்தது. இப்போது ஓடும் வேலைக்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ, கொஞ்சம் இடம் விட்டு அதைப்போல 1.25 மடங்கு கேட்கும், அவ்வளவு எளிய சூத்திரம். முன்னாலேயே உள்ளே ஒழுங்குபடுத்தாமல் இருந்திருந்தால் இதைச் சேர்க்க எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மறுசீரமைப்பு வேலைக்கு நேரம் ஒதுக்க மறுக்கும் மேலாளர்களுக்கு நான் சுட்டிக்காட்டும் வரலாறு இதுதான்.

இனி குறைகள். முதல் குறை பெயர்கள். ஆக்டிவ் முறையில் கவர்னர் இடத்தில் பவர்சேவ், பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டே பெயர்கள்தான் தெரியும். பொதுவான சிபியூஃப்ரீக்கில் பவர்சேவ் என்றால் அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போடுவது. இங்கே பவர்சேவ் என்றால் அப்படிக் கட்டாது, ஈபிபி சொல்கிறபடி சில்லு தாராளமாக மேலே போகும். இன்டெல்லின் பி-ஸ்டேட் டிரைவரிலும் இதே கதைதான், 2013-ல் 3.9-ல் அது வந்தபோதே தொடங்கிய குழப்பம். புதிதாக வருகிறவர் பவர்சேவ் என்று பார்த்துப் பயந்து பெர்ஃபார்மன்ஸ் போட்டுவிடுகிறார், லேப்டாப் சூடாகிறது, லினக்ஸில் பேட்டரி நிற்காது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார். அதிலும் பெர்ஃபார்மன்ஸ் போட்டபின் ஈபிபியை வேறு எதற்காவது மாற்றப் போனால் கர்னல் மறுத்துவிடும், டெர்மினலில் சாதனம் வேலையில் இருக்கிறது என்கிற பிழைச்செய்தி வரும், காரணம் வராது. இவ்வளவு உள்வேலை செய்தவர்கள் இதற்கும் ஒரு வழி பார்த்திருக்கலாம். பழைய பெயர்களை நம்பி எழுதிய கருவிகள் ஏராளம், எடுத்துவிட முடியாது என்பது புரிகிறது, இருந்தாலும் புதுப் பெயரையும் பக்கத்தில் ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸ். டிரைவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணினியைச் செய்தவர் பயாஸில் சிபிபிசி தகவலை ஒழுங்காகத் தராவிட்டால் ஏற்றிக்கொள்ளவே மாட்டேன் என்று நின்றுவிடும். முன்பு நான் வைத்திருந்த ஒரு கணினியில் இதுதான் நடந்தது: கர்னல் பதிவில் தேவையான ஏசிபிஐ பொருள் இல்லை என்று ஒரு வரி, அப்புறம் பழைய மூன்று படி டிரைவரே வந்து உட்கார்ந்துகொள்ளும், பயாஸ் அமைப்பில் அதை இயக்கும் தேர்வும் இல்லை. டிரைவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அது தெளிவாகத்தான் செய்தி கொடுக்கிறது. ஆனால் கர்னல் பதிவைப் படிக்கத் தெரியாத பயனருக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

மூன்றாவது, பழைய நீண்டகாலக் கர்னல்களுக்கு இதனால் வரும் சங்கடம். 6.12 நீண்டகாலப் பதிப்பு, டெபியன் 13 அதைத்தான் தருகிறது, அதில் பழைய உள்ளமைப்பு. புதிய நிரலில் ஒரு பக் திருத்தினால் அந்தத் திருத்தத்தை அப்படியே 6.12-க்கு எடுத்துப்போக முடியாது, வேரியபிள் பெயரே வேறு, லாக்கே வேறு. யாராவது உட்கார்ந்து பழைய வடிவத்துக்கு ஏற்ப மறுபடி எழுத வேண்டும், எழுதும்போது தவறு செய்யலாம். எந்த மறுசீரமைப்புக்கும் இந்த விலை உண்டு. இங்கே கொடுத்த விலை நியாயம்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வேலையைச் சிறு சிறு பேட்ச்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏன் என்று இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். மறுபடி எழுத வருகிறவருக்கு எது நடத்தையை மாற்றுகிறது, எது பெயரை மட்டும் மாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. ஒரே பெரிய பேட்ச்சாகக் கொட்டியிருந்தால் நான் இவ்வளவு பாராட்டியிருக்க மாட்டேன்.

பரிசோதனைக்கு வைத்திருக்கும் வசதிகளையும் சொல்லியாக வேண்டும். 6.1 முதல் இந்த டிரைவருக்கென்றே ஒரு யூனிட் டெஸ்ட் மாட்யூல் இருக்கிறது. சிபியூ எப்போது என்ன கேட்டது, என்ன கிடைத்தது என்பதைப் பதிவுசெய்து வரைபடமாகக் காட்டும் ஒரு பைத்தான் கருவியும் கர்னலோடேயே வருகிறது. வேக டிரைவர் எழுதும் எல்லோரும் இப்படிக் கொடுப்பதில்லை, பல டிரைவர்களில் பிரச்சினை வந்தால் அச்சிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

பயன்பாட்டில் எப்படி? என் அனுபவத்தில் மறுசீரமைப்புக்கு முன்னும் பின்னும் சாதாரண வேலையில் வித்தியாசம் உணர முடியவில்லை, உணரக்கூடாது என்பதுதான் நோக்கமும். மூடித் திறக்கும்போதும் சார்ஜரைப் பிடுங்கிச் செருகும்போதும் ஈபிபி நான் போட்டபடியே நிற்கிறது. டெஸ்க்டாப்பில் பவர் புரொஃபைல் மாற்றினால் அது உடனே பிரதிபலிக்கிறது. நீளமாக கம்பைல் ஓடும்போது உச்சத்துக்குப் போய், முடிந்ததும் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. எனக்கு பேட்டரியில் பேலன்ஸ் பவர், சார்ஜரில் பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்று வைப்பது ஒத்துவந்திருக்கிறது, முழு பெர்ஃபார்மன்ஸ் போட வேண்டிய தேவை லேப்டாப்பில் வந்ததில்லை. ஈபிபியில் உள்ளே போகும் எண்களைப் பார்த்தால் பெர்ஃபார்மன்ஸ் 0, பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ் 128, பேலன்ஸ் பவர் 191, பவர் 255, அதாவது எண் கூடக் கூடச் சிக்கனம்.

உங்களிடம் எது ஓடுகிறது என்று பார்க்க, சிஸ் (/sys) ஃபோல்டரில் சிபியூ0-வின் சிபியூஃப்ரீக் பகுதியில் ஸ்கேலிங் டிரைவர் (scaling_driver) என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஏஎம்டி-பிஸ்டேட்-ஈபிபி என்றிருந்தால் ஆக்டிவ் முறை, வெறும் ஏஎம்டி-பிஸ்டேட் என்றிருந்தால் பேசிவ் அல்லது கைடட், ஏசிபிஐ-சிபியூஃப்ரீக் என்றிருந்தால் பழையதுதான், முதலில் பயாஸில் சிபிபிசி தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். முறையை மாற்ற மறுதொடக்கம்கூட வேண்டாம், ஏஎம்டி பிஸ்டேட் ஃபோல்டரில் ஸ்டேட்டஸ் கோப்பில் ரூட்டாக எழுதினால் போதும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? உபுண்டு 24.04-ஐ அதன் ஆரம்ப 6.8 கர்னலோடு வைத்திருந்து எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் இதற்காக மட்டும் மாற வேண்டாம். தூங்கி எழுந்த பிறகு வேகம் விசித்திரமாக இருக்கிறது, வரம்பு போட்டால் நிற்கவில்லை என்பவர்கள் 6.15 அல்லது பிந்தையதைப் போட்டுப் பாருங்கள், முடிந்தால் 6.16 அல்லது அதற்குப் பிந்தையது. 6.16-ல் மையப்பகுதியிலும் லாக்கை எடுத்து விடுவதற்குத் தானாக விடுபடும் கார்டு வடிவம் கொண்டுவந்திருக்கிறார்கள், பிழை வந்து நடுவில் திரும்பும்போது லாக்கை விட மறக்கும் வாய்ப்பே இல்லை. அதே 6.16-ல் விரேஷ் குமார் ரஸ்ட் மொழியில் எழுதிய ஒரு சிபியூஃப்ரீக் டிரைவரும் உள்ளே வந்திருக்கிறது, ஆர்ம் பலகைகளில் பரவலாக ஓடும் பழைய டிரைவரின் ரஸ்ட் வடிவம். டிரைவர் எழுதப் பழக நினைப்பவர்கள் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து படியுங்கள், இரண்டுமே சிறியவை. மதிப்பெண் என்று கேட்டால் உள்வேலைக்கு 5-க்கு 4.5, பயனருக்குக் காட்டும் பெயர்களுக்கும் செய்திகளுக்கும் 3.